‘ஆறு மாதம்’ முதல் ‘வெள்ளையர்’ வரை: தாடியஸ் ஸ்டீவன்ஸின் வழக்குரைஞர் வாழ்வும் சட்டமன்ற வாழ்வும்

பனைநிழல் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் காலாண்டிதழுக்காக, அமெரிக்க வழக்குரைஞரும் பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினருமாக இருந்த தாடியஸ் ஸ்டீவன்ஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அடிமை முறைக்கு எதிராக முழங்கியவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிந்திருப்பீர்கள். அந்தக் கடைசிப் பத்தாண்டுகளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். எனக்கு அதற்கு முந்தைய நாற்பதாண்டுகள்தாம் முக்கியமாகப் படுகின்றன. அங்கேதான் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். வெர்மான்ட் மாநிலத்தின் டேன்வில் என்ற சிற்றூரில் 1792 ஏப்ரல் 4 அன்று, நான்கு ஆண்மக்களில் இரண்டாமவராக, ஒரு பாதம் வளைந்த குழந்தையாகப் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் சாரா, உடல் உழைப்புக்கு ஆகாத இந்தப் பிள்ளையை எப்படியும் படிக்க வைத்தே தீருவது என்று முடிவுகட்டி, பள்ளி இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். பிள்ளை 1814இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் பயின்றார். வேறு வேலை பார்த்துக்கொண்டு சட்டம் படித்தவரைச் சேர்ப்பதில்லை என்று அவ்வூர் வழக்குரைஞர்கள் விதி வைத்திருந்ததால், எல்லை தாண்டி மேரிலாந்துக்குப் போய்த் தேர்வு எழுதி, 1816இல் கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கினார். மாநில உச்சநீதிமன்றம் வரை சென்ற முதல் பத்து வழக்குகளில் ஒன்பதில் வென்றார் என்றால், அவர் எப்படிப்பட்ட வழக்குரைஞர் என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

என்னைத் தடுக்கி விழவைத்தது 1821ஆம் ஆண்டு வழக்கு. சேரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டு வழக்காடினாள். அவளை அடிமையாக வைத்திருந்த மேரிலாந்துக்காரர் நார்மன் புரூஸின் தரப்பில் நின்று வாதாடி வென்றவர் ஸ்டீவன்ஸ். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளாயினர். பின்னாளில் இனவேறுபாடு பாராட்டாத இடுகாட்டைத் தேடிப் புதைக்கச் சொன்ன மனிதர் இவர்தான். கட்டுரையில் இந்த வழக்கை எங்கே வைப்பது, எப்படிச் சொல்வது? உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

சட்டவாயில் எழுதியது:

நண்பர் பனைநிழல் அவர்களுக்கு வணக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியவன் என்ற முறையில், முதலில் அந்த வழக்கின் சட்டப் புள்ளியை விளக்க விரும்புகிறேன். அது புரியாமல் மனிதரை எடைபோடுவது சரியாக இராது.

பென்சில்வேனியா 1780இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. வெளி மாநிலத்தவர் தம் அடிமையை அழைத்துவந்து ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கவைத்தால் அந்த அடிமை விடுதலை பெறலாம் என்பது அதன் ஒரு பிரிவு. சட்டம் பிறந்த நாளிலிருந்தே இந்த ‘ஆறு மாதம்’ இழுபறிக்கு உள்ளான சொல். ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பிலடெல்பியாவில் இருந்த காலத்தில், தம் வீட்டு அடிமைகளை ஆறு மாதம் முடியுமுன் மாநிலத்துக்கு வெளியே அனுப்பி, மறுபடி வரவழைத்துக்கொண்டிருந்தார் என்பது வரலாற்றுப் பதிவு. சேரிட்டி பட்லர் வழக்கில் எழுந்த கேள்வியும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். அவள் தன்னை வேலைக்கு வைத்திருந்த குடும்பத்தோடு பலமுறை எல்லை கடந்து வந்து போனவள். அந்த நாள்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும் என்பது அவள் தரப்பு. விட்டுவிட்டு வந்த நாள்களைக் கூட்டக்கூடாது, ஆறு மாதம் என்றால் இடைவிடாத ஆறு மாதம் என்பது ஸ்டீவன்ஸின் வாதம். நீதிமன்றம் அதையே ஏற்றது.

வாதம் நேர்த்தியானது என்பதைத் தொழில் தெரிந்த எவரும் மறுக்க முடியாது. வந்த கட்சிக்காரருக்காக வாதாடுவது அன்றைய சிற்றூர் வழக்குரைஞரின் அன்றாட நடைமுறை. லிங்கனே 1847இல் இல்லினாய் மாநிலத்தில், கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மேட்சன் என்ற அடிமை உரிமையாளருக்காக, ஜேன் பிரயன்ட் என்ற பெண்ணையும் அவளுடைய பிள்ளைகளையும் மீட்டுத் தரக் கோரி வாதாடினார். அங்கே லிங்கன் தோற்றார், அந்தக் குடும்பம் விடுதலை பெற்றது. இங்கே ஸ்டீவன்ஸ் வென்றார். இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உப்பங்கழி எழுதியது:

சட்டவாயில் ஐயா அவர்களின் விளக்கம் தெளிவாக இருந்தது, நன்றி. ஆனால் ‘தொழில் நடைமுறை’ என்ற விளக்கத்தை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலவில்லை. அந்த ஆண்டில் ஸ்டீவன்ஸுக்கு இருபத்தொன்பது வயது. கெட்டிஸ்பர்க்கில் காலூன்றிவிட்டவர், வழக்குக்குப் பஞ்சமில்லாதவர். இந்த ஒரு வழக்கை மறுத்திருந்தால் அவர் பட்டினி கிடந்திருக்கப் போவதில்லை. லிங்கனும் செய்தார் என்பது லிங்கன் மீதான குறையே ஆகும். அதனால் ஸ்டீவன்ஸின் குறை நீங்கிவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். லிங்கன் தோற்ற வழக்கில் ஒரு குடும்பம் பிழைத்தது. ஸ்டீவன்ஸின் திறமையோ ஒரு தாயையும் பிள்ளைகளையும் எல்லைக்கு அப்பால் திருப்பி அனுப்பியதோடு, இனிமேல் அதே காரணத்தைச் சொல்லி விடுதலை கேட்க வருபவர்களின் வழியையும் முன்தீர்ப்பாக நின்று அடைத்தது. ஒரு சொல்லுக்கு ‘இடைவிடாத’ என்ற பொருளைச் சேர்த்ததால் வந்த விளைவு இது. பிற்காலப் பெருமையின் வெளிச்சத்தில் இதை மங்கலாக்கிவிட வேண்டாம் என்று கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கரும்பலகை எழுதியது:

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. 1821ஐப் பற்றி உப்பங்கழி அவர்கள் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் ஸ்டீவன்ஸ் என்ற பெயரை நான் முதன்முதலில் அறிந்தது அடிமை வழக்கின் வழியாக அன்று, 1835ஆம் ஆண்டு ஹாரிஸ்பர்க்கில் மாநிலப் பிரதிநிதிகள் அவையில் அவர் ஆற்றிய பள்ளிக்கூடப் பேச்சின் வழியாகத்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பென்சில்வேனியாவில் 1809 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தருவதாகச் சொன்ன அந்தச் சட்டம், அதை எப்படித் தந்தது என்று பாருங்கள். வரி மதிப்பீட்டு அலுவலர் ஊர் ஊராகப் போய், கட்டணம் கட்ட வழியற்ற பெற்றோரையும், ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள அவர்களின் பிள்ளைகளையும் பட்டியலில் எழுதிக்கொள்வார். அந்தப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளிக்குப் போகலாம், கட்டணத்தை மாவட்டம் கொடுக்கும். அதாவது, தன் பிள்ளை எழுத்தறிய வேண்டுமானால் ஒரு தகப்பன் தன்னை வக்கற்றவன் என்று அரசு ஏட்டில் பதிந்துகொள்ள வேண்டும். அதே வகுப்பில் கட்டணம் கட்டும் பிள்ளையும் பட்டியல் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், யார் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மானமுள்ள பெற்றோர் பலர் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர்.

1834இல் ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப் கையொப்பமிட்ட புதிய சட்டம் இந்தப் பட்டியல் முறையைத் தூக்கியெறிந்து, வரிப்பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிகளுக்கு வழிசெய்தது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. தங்கள் திருச்சபைப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியில் பிள்ளைகளைப் படிக்கவைத்து வந்த ஜெர்மானிய வழிக் குடியானவர்கள், அடுத்தவன் பிள்ளைக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டனர். சட்டத்தை ரத்துசெய்யக் கோரிய விண்ணப்பங்களில் ஏறத்தாழ 32,000 கையொப்பங்கள் இருந்தன. காக்கக் கோரியவை 2,500 சொச்சம். மேலவை ரத்துக்கு இசைந்துவிட்டது. கீழவையும் இசையும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர்.

ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்தார். பழைய 1809ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பொருத்தமான தலைப்பு, ‘பணக்காரரிடமிருந்தும் செருக்குற்றோரிடமிருந்தும் பிரித்தறிவதற்காக ஏழைகளுக்குச் சூடுபோட்டு அடையாளமிடும் சட்டம்’ என்பதே என்றார். பிறப்பால் வரும் உயர்வு தாழ்வே அருவருக்கத்தக்கது, வறுமையின் அடிப்படையில் வகுக்கப்படுவதோ அதைவிடப் பன்மடங்கு கொடியது என்றார். வரியைப் பற்றிய குறைக்கு அவர் சொன்ன விடை இன்னும் கூர்மையானது. குற்றவாளியைப் பிடிக்கவும் விசாரிக்கவும் சிறையில் வைத்துச் சோறுபோடவும் முகம் சுளிக்காமல் வரி கட்டுகிற மனிதர், அதே ஆள் குற்றவாளியாகாமல் தடுக்கச் செலவிடும் வரிக்கு மட்டும் ஏன் கூக்குரலிடுகிறார் என்று கேட்டார்.

அன்றைய வாக்கெடுப்பில் ரத்து முயற்சி தோற்றது. இதில் நான் பெரிதும் மதிப்பது ஒரு சிறு செய்தியை. ஆளுநர் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர். அதற்கும் மேல், ஸ்டீவன்ஸ் தம் அரசியல் முழுவதையும் ஃப்ரீமேசன் என்ற எந்த இரகசியச் சகோதரச் சங்கத்துக்கு எதிராகக் கட்டியிருந்தாரோ அந்தச் சங்கத்தின் உறுப்பினர். அப்படிப்பட்டவரைக் கல்விக் கொள்கைக்காக அவையில் எழுந்து நின்று பாராட்டினார். தாய் ஊர்விட்டு ஊர் மாறியிராவிட்டால் தாமும் எழுத்தறியாமலே போயிருப்போம் என்ற நினைவு அந்தப் பேச்சுக்கு அடியில் ஓடுவதாகவே நான் வாசிக்கிறேன்.

உப்பங்கழி எழுதியது:

கரும்பலகை அம்மா அவர்களின் பதிவை இருமுறை படித்தேன். பேச்சின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் ஃப்ரீமேசன் சங்கத்தை நீங்களே குறிப்பிட்டுவிட்டதால், சட்டமன்ற உறுப்பினர் ஸ்டீவன்ஸின் மறுபக்கத்தையும் இந்த இழையில் பதிந்தாக வேண்டும்.

1826இல் நியூயார்க் மாநிலத்தில், ஃப்ரீமேசன் இரகசியங்களை வெளியிடப்போவதாக அறிவித்த வில்லியம் மார்கன் காணாமற்போனார். அந்த அதிர்ச்சியில் பிறந்த எதிர்ப்புக் கட்சியின் வேட்பாளராகவே ஸ்டீவன்ஸ் 1833இல் மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். உள்ளே போனதும் விசாரணைக் குழு அமைத்து, முன்னாள் ஆளுநர் என்றும் பாராமல் அதே வுல்ஃபைச் சாட்சியாக அழைத்து, சங்கத்து இரகசியங்களைச் சொல்லும்படி வற்புறுத்தினார். அழைக்கப்பட்டவர்கள் வாய்திறக்க மறுத்துவிட்டனர். விசாரணை பிசுபிசுத்துப் போனது.

அதைவிட மோசமானது 1838 டிசம்பரில் நடந்தது. தேர்தலில் அவருடைய கட்சியின் ஆளுநர் ஜோசப் ரிட்னர் தோற்றுவிட்டார். சட்டமன்றமும் கைநழுவும் நிலை. பிலடெல்பியா மாவட்ட முடிவுகளில் எழுந்த தகராறைப் பயன்படுத்தி, தம் தரப்புக்குச் சாதகமான கணக்கை மட்டும் ஏற்கவைக்க ஸ்டீவன்ஸும் கூட்டாளிகளும் முயன்றனர். ஒரே மண்டபத்தில் இரண்டு அவைத்தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, இருவரும் அவையை நடத்தத் தொடங்கினர். கொதித்த கூட்டம் மேலவைக்குள் புகுந்தபோது, ஸ்டீவன்ஸ், மேலவைத் தலைவர் பென்ரோஸ், மாநிலச் செயலர் பரோஸ் மூவரும் சன்னல் வழியே குதித்துத் தப்பினர். ஆளுநர் குடிப்படையை வரவழைத்தார். அவர்களுக்குத் தரப்பட்ட தோட்டாவின் பெயரால் அதைப் ‘பக்‌ஷாட் போர்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். குடியரசுத் தலைவர் வான் பியூரன் கூட்டரசுப் படையை அனுப்ப மறுத்தார். ஸ்டீவன்ஸின் தரப்பிலிருந்தே சிலர் மாறிக்கொள்ள, முயற்சி சரிந்தது. அவருடைய இருக்கை காலியானதாக அறிவிக்கப்பட்டது. தொகுதி மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

கெட்டிஸ்பர்க் பகுதியில் அரசுப் பணத்தில் போடத் தொடங்கிய இருப்புப்பாதை ஒன்று, அவருடைய இரும்பாலைக்கு வாகாக மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து போனதால், எதிரிகள் அதற்கு ‘நாடாப்புழு’ என்று பெயர் வைத்தார்கள். ஏழைக்குச் சூடுபோடுவதைக் கண்டித்த அதே நாவினர், வாக்காளர் தீர்ப்பைப் புரட்டவும் துணிந்தார். இரண்டும் ஒரே சட்டமன்ற வாழ்வில் நடந்தவை.

பனைநிழல் எழுதியது:

உப்பங்கழி அவர்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. பக்‌ஷாட் போரில் ஸ்டீவன்ஸ் செய்தது தவறு என்றே நானும் கருதுகிறேன். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி கட்டாயம் உண்டு.

ஆனால் இந்த இழையைப் படித்துவரும்போதே என் மனத்தில் ஒரு கோடு தெளிவானது. 1821இல் ‘ஆறு மாதம்’ என்ற சொல். 1835இல் ‘ஏழைப் பட்டியல்’. இரண்டுமே சட்டத்தில் இருக்கும் ஒரு சொல் மனிதரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பற்றியவை. முதலாவதில் அவர் சொல்லைக் கூர்தீட்டி ஒரு பெண்ணின் கழுத்தில் வைத்தார். இரண்டாவதில் அந்தக் கூர்மையையே பிடுங்கி எறிந்தார். மூன்றாவதாக ஒரு சொல் உண்டு, அதை யாரும் இன்னும் குறிப்பிடவில்லை.

பென்சில்வேனியாவின் அரசமைப்பைத் திருத்தியெழுத 1837 மே மாதம் ஹாரிஸ்பர்க்கில் ஒரு மாநாடு கூடியது. பிறகு அது பிலடெல்பியாவுக்கு மாறி, 1838 பிப்ரவரி வரை நடந்தது. ஸ்டீவன்ஸ் அதில் உறுப்பினர். பழைய அரசமைப்பில் வாக்குரிமைக்கு நிறத்தடை எழுதப்பட்டிருக்கவில்லை. சில மாவட்டங்களில் கறுப்பின ஆண்கள் வாக்களித்தும் வந்தனர். மாநாடு ‘வெள்ளையர்’ என்ற ஒரே ஒரு சொல்லை வாக்குரிமைப் பிரிவுக்குள் நுழைத்தது. அந்தச் சொல்லுக்காகவே ஸ்டீவன்ஸ் முழு ஆவணத்திலும் கையொப்பமிட மறுத்தார். கையொப்பமிட்டால் தொகுதியில் மரியாதை, மறுத்தால் வசை என்பது தெளிவாகத் தெரிந்திருந்த நேரம் அது. அதே ஆண்டு மே மாதத்தில், அடிமை ஒழிப்பாளர்கள் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தைத் திறந்த சில நாள்களிலேயே பிலடெல்பியாவில் ஒரு கும்பல் கொளுத்திச் சாம்பலாக்கியது என்பதைச் சொன்னால் அன்றைய சூழல் விளங்கும். கறுப்பினத் தலைவர் ராபர்ட் பர்விஸ், வாக்கிழக்கப்போகும் நாற்பதாயிரம் குடிமக்களின் பெயரால் எழுதிய முறையீட்டையும் வாக்காளர்கள் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அரசமைப்பு நிறைவேறியது. அந்த ஒரு சொல்லால் பறிபோன வாக்கு, நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற பதினைந்தாம் திருத்தம் 1870இல் அமெரிக்க அரசமைப்பில் வந்த பிறகே திரும்பியது.

1821இன் வழக்குரைஞருக்கு ஒரு சொல்லின் விலை தெரியாமல் இருந்திருக்க முடியாது. அதை அவர் சேரிட்டி பட்லரின் வாழ்வில் கண்கூடாகப் பார்த்தவர். 1838இல் அவர் அந்தப் பேனாவைத் தொடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இது என் வாசிப்பு மட்டுமே. அவர் கைப்பட எழுதிய ஒப்புதலாக இதைக் கட்டுரையில் முன்வைக்க மாட்டேன்.

சட்டவாயில் எழுதியது:

பனைநிழல் அவர்களின் வாசிப்பு எனக்கு ஏற்புடையது. என் முதல் பதிவில் ‘அன்றாட நடைமுறை’ என்று சற்று எளிதாகச் சொல்லிவிட்டேன், உப்பங்கழி அவர்கள் சுட்டியது சரிதான். கட்சிக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வழக்குரைஞருக்கு உண்டு என்பதை ஸ்டீவன்ஸே பின்னர் செயலில் காட்டினார்.

இரும்பாலைக் கடன் கழுத்தை நெரித்ததால் 1842இல் பெரிய நகரமான லான்காஸ்டருக்குத் தொழிலை மாற்றிக்கொண்டவர், தப்பியோடி வந்த அடிமைகளுக்காக வாதாடுவதில் அங்கே பெயர்பெற்றார். 1849இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் சென்றார். அக்காலத்தில் நடந்த கிறிஸ்டியானா வழக்கு எங்கள் தொழிலில் உள்ளவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க எல்லாக் குடிமக்களும் உதவ வேண்டும் என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. 1851 செப்டம்பர் 11 அன்று, மேரிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் கோர்சச் தம்மிடமிருந்து தப்பியவர்களைத் தேடி, கூட்டரசு அலுவலரோடு லான்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானாவுக்கு வந்தார். வில்லியம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவரின் வீட்டில் எதிர்ப்பு மூண்டது, கோர்சச் கொல்லப்பட்டார். அங்கே குதிரையேறி வந்து நின்ற வெள்ளையரான காஸ்ட்னர் ஹான்வே, பிடிப்பதற்கு உதவ மறுத்தார். அரசு 38 பேர்மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. அடிமையைப் பிடிக்க உதவாததை நாட்டின்மீது போர்தொடுத்ததாகச் சட்டத்தின் மொழியில் எழுதினார்கள்.

முதலில் ஹான்வேயை விசாரித்தார்கள். விசாரணை நடந்த இடம், அமெரிக்க விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட பிலடெல்பியாக் கட்டடத்தின் மாடி. ஸ்டீவன்ஸ் ஹான்வேயின் தரப்பு வழக்குரைஞர்களில் ஒருவர். ஆனால் அடிமை ஒழிப்பாளர் என்று அவர் பெயர் பரவியிருந்ததால், ஜூரிமார் கசந்துவிடக் கூடாது என்று முன்னணியை ஜான் ரீடிடம் விட்டுக்கொடுத்துப் பின்னே நின்றார். வாதத்தில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்றிருந்த மனிதர் கட்சிக்காரரின் நலனுக்காக வாயை அடக்கிக்கொண்ட அந்தச் செயலில்தான் அவருடைய தொழில் அறத்தைக் காண்கிறேன். இது தேசத்துரோகம் ஆகாது என்று நீதிபதி கிரியர் எடுத்துரைத்தார். ஜூரி கால் மணி நேரத்தில் குற்றமற்றவர் என்று திரும்பி வந்தது. மற்ற துரோக வழக்குகளும் கைவிடப்பட்டன. ஸ்டீவன்ஸுக்கோ இது அரசியலில் கேடாக முடிந்தது. சொந்தக் கட்சியின் ஆதரவை இழந்து 1853இல் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறினார். திரும்ப உள்ளே போக ஆறு ஆண்டுகள் ஆயின.

மேப்பிள்நிழல் எழுதியது:

வணக்கம். நான் லான்காஸ்டரில் வசிக்கிறேன். இந்த இழையை அமைதியாகப் படித்துவந்தவன், கல்லறையைப் பற்றிய குறிப்பு முதல் பதிவிலேயே வந்துவிட்டதால் எழுதத் துணிந்தேன்.

அந்த இடுகாடு மிகச் சிறியது. செஸ்ட்நட் தெருவும் மல்பெரி தெருவும் சந்திக்கும் இடத்தில், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. தெரியாதவர் கடந்து போய்விடுவார். ஸ்டீவன்ஸின் கல்லில் அவரே வகுத்துக்கொடுத்த வாசகம் இருக்கிறது: தனிமையில் இயல்பான விருப்பம் இருப்பதால் நான் இந்த ஒதுக்கமான இடத்தில் துயிலவில்லை, பிற இடுகாடுகளின் விதிகள் இனத்தால் எல்லை வகுத்திருப்பதைக் கண்டு, படைத்தவன் முன் மனிதர் சமம் என்று வாழ்நாள் முழுதும் நான் வாதாடிய கொள்கையை மரணத்திலும் விளங்கச்செய்ய இதைத் தேர்ந்தேன் என்பது அதன் பொருள். பனைநிழல் அவர்கள் சொன்ன சொற்களின் வரிசையில் இந்த ‘இடுகாட்டு விதி’யையும் சேர்த்துக்கொள்ளலாம். முதன்முறை அங்கே போனபோது, எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் வீட்டை இருபதாண்டு காலம் நிர்வகித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பின விதவை. அவரைப் பற்றியும் ஸ்டீவன்ஸைப் பற்றியும் ஊர் எத்தனையோ பேசியது. ஸ்டீவன்ஸ் அவரை மற்றவர்கள் முன் ‘திருமதி ஸ்மித்’ என்றே மரியாதையோடு அழைத்தார். ஒரு கறுப்பினப் பெண்ணை அப்படி அழைக்கும் வழக்கம் அன்றைய வெள்ளையரிடம் அரிது. ஸ்டீவன்ஸ் இறக்கும் தறுவாயிலும் திருமதி ஸ்மித் அருகில் இருந்தார். தம் உழைப்பில் சொத்து சேர்த்து, நகரில் மதிக்கத்தக்க தொழில் நடத்திய பெண்மணி அவர். கட்டுரையில் அவருக்குப் ‘பணிப்பெண்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரும்பாலையைப் பற்றி உப்பங்கழி அவர்கள் எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. சிறுவயதில் வாழ்ந்த மாவட்டத்தின் நினைவாகக் ‘கலிடோனியா’ என்று பெயரிட்ட அந்த ஆலையை, 1863 ஜூன் மாதம், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள்கள் முன்பு, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தளபதி ஜூபல் இயர்லி எரித்துவிட்டார். ஸ்டீவன்ஸின் சொத்து என்பதாலேயே எரித்தார். நாடு முழுவதும் மீண்டும் ஒன்றாகி, அடிமை முறையின் தடமே இல்லாமல் போகுமானால் இந்த இழப்பை மலிவான விலையாகவே கருதுவேன் என்று ஸ்டீவன்ஸ் கடிதத்தில் எழுதினார்.

1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் இறந்தார். உயிலில் இரண்டு செய்திகள் எனக்கு மறக்கவே மறக்காதவை. எஞ்சிய சொத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைய வேண்டும் என்றும், அங்கே நிறம் பாராமல் எல்லோரும் ஒரே வகுப்பில் படித்து ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்றும் எழுதினார். அந்த விருப்பத்திலிருந்து 1905இல் முளைத்த தொழிற்பள்ளி, இன்று அவர் பெயரிலேயே தொழில்நுட்பக் கல்லூரியாக இதே நகரில் நடக்கிறது. மற்றொன்று, தாயின் கல்லறையைப் பராமரிக்க ஒதுக்கிய பணம். ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் நான்கு மூலைகளிலும் ரோசாவும் மனத்துக்கு இதமான பிற மலர்களும் நடவேண்டும் என்று குறித்திருந்தார்.

கரும்பலகை எழுதியது:

மேப்பிள்நிழல் அவர்களின் பதிவு கண்ணைக் கலங்க வைத்துவிட்டது. தாயைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 250 ஏக்கர் பண்ணையும் பதினான்கு பசுக்களும் தாய்க்கு வாங்கித் தர முடிந்ததும், அவ்வப்போது பளபளக்கும் தங்க நாணயம் ஒன்றைக் கொடுக்க முடிந்ததுமே வாழ்வில் தமக்குக் கிடைத்த பெருமகிழ்ச்சி என்று ஸ்டீவன்ஸ் முதுமையில் சொல்லியிருக்கிறார். அந்த நாணயத்தை அம்மா தம் பாப்டிஸ்ட் திருச்சபையின் காணிக்கைப் பெட்டியில் போட்டு மகிழ்வாராம். பனைநிழல் அவர்களே, பள்ளிப் பேச்சுக்கு அருகில் இதற்கும் இடம் கொடுங்கள்.

உப்பங்கழி எழுதியது:

மேப்பிள்நிழல் அவர்கள் தந்தவை அனைத்தும் புதியவை, மனமார்ந்த நன்றி. 1838இல் அவர் கையொப்பமிட மறுத்ததையும் கிறிஸ்டியானா வழக்கில் பின்னே நின்றதையும் நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். என் கோரிக்கை ஒன்றே. சேரிட்டி பட்லரை ஒரு பெரியவரின் மனமாற்றக் கதைக்கு வாய்த்த முதற்படியாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் தானே நீதிமன்றம் ஏறி விடுதலை கேட்டவள். எல்லை கடந்து கழித்த நாள்களை எண்ணி, என் கணக்கு ஆறு மாதத்தைத் தாண்டுகிறது என்று சட்டத்தின் சொல்லைக் கையில் எடுத்தவள் முதலில் அவள்தான், ஸ்டீவன்ஸ் அல்லர்.

பனைநிழல் எழுதியது:

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, உப்பங்கழி அவர்களே. கட்டுரையை லான்காஸ்டர் கல்லறை வாசகத்தோடு தொடங்கி எழுதிவைத்திருந்தேன். நேற்றிரவு அந்த முதல் பக்கத்தை நீக்கிவிட்டேன். இப்போது கட்டுரை, மேரிலாந்து எல்லையில் தன் நாள்களை எண்ணும் சேரிட்டி பட்லரிடமிருந்து தொடங்குகிறது. ஸ்டீவன்ஸ் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறார், அதுவும் எதிர்த்தரப்பு வழக்குரைஞராக. படி முடிந்ததும் இங்கே பகிர்கிறேன். சட்டவாயில் ஐயா ‘ஆறு மாதம்’ பற்றிய பத்தியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துத் தர வேண்டும்.